மறப்பதற்கு ஒத்திகை

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுக்க, என் மூளையை நானே ரப்பர் வைத்து அழித்துவிட்டேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். ஐம்பதைத் தாண்டியவன், பாங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவன், குடியிருப்போர் சங்கத்தில் மோட்டார் ரிப்பேர் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு மதிப்புள்ளவன். அப்படிப்பட்டவன் மனதார நம்பியது இது: ஒரு மாதமாக மறப்பதற்குப் பயிற்சி எடுத்தேன், பயிற்சி அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது, வேண்டாததை அழிக்கப் போன கை வேண்டியதையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

மறப்பதற்கு எவனாவது பயிற்சி எடுப்பானா என்று கேட்பீர்கள். நாடகக்காரன் எடுப்பான்.

மயிலாப்பூரில் எங்கள் மாதிரி நாடகக் கோஷ்டிகள் உண்டு. வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சபா மேடை. இருபது வருடத்துக்கு மேலாக ராகவனும் நானும் ஜோடி. எங்கள் நாடகங்களிலேயே அதிகம் ஓடிய ஒன்றில் அவன் வீட்டு ஓனர், நான் குடித்தனக்காரன். அவன் மேடையில் மூச்சை இழுத்தாலே என் பதில் வரி வாயில் வந்து நின்றுவிடும். போன வருடம் ராகவன் போய்விட்டான். மாரடைப்பு. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன், வாயைக் கொப்பளிக்கவில்லை.

அந்த நாடகத்தைத் திரும்பப் போடலாம் என்று முடிவு செய்தது எங்கள் டைரக்டர் பட்டாபி. ஓனர் வேடத்துக்கு விக்னேஷ் என்று ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்தார். ராகவன் நல்ல பருமன். பாதி ஜோக்குகள் அவன் தொப்பையை நம்பி எழுதப்பட்டவை. விக்னேஷ் ஒட்டடைக் குச்சி. அதனால் பட்டாபி வசனங்களை மாற்றி எழுதினான். என் தலைவலி அங்கே ஆரம்பித்தது. தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகை. விக்னேஷ் புது வரியைச் சொல்வார், என் வாயிலிருந்து பழைய வரி வரும். ஒல்லிப் பிச்சானைப் பார்த்து, "இந்த வயிற்றுக்குத் தனியா மீட்டர் போட்டிருக்கேளா சார்?" என்று கேட்டால் என்ன ஆகும்? ஹாலே விழிக்கும்.

"டேய் கோபி, பழசை மறடா!" என்று பட்டாபி கத்தினான். "மறக்கறதுக்குக்கூட உனக்கு ப்ராம்ப்டர் வெக்கணுமா?"

அன்று ராத்திரியே போனில் தேடினேன். யாரோ ஒரு வாழ்வியல் ஆலோசகர் வீடியோவில் வந்தார். மறக்க வேண்டியதை மனதில் கொண்டுவாருங்கள், கையைத் தட்டுங்கள், போ என்று சொல்லுங்கள், போய்விடும் என்றார். நான் அதை நம் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றினேன். தினமும் காலையில் பால்கனியில் உட்கார்ந்து பழைய நாடகத்தை முதலிலிருந்து சொல்வேன். ராகவன் வரியை ராகவன் குரலில், என் வரியை என் குரலில். ஒவ்வொரு வரி முடிந்ததும் தொடையில் ஓங்கி ஒரு அடி: "கட்!" மாடி வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "ஷார்ட் ஃபிலிம் எடுக்கறேளா?" என்று விசாரித்தாள். என் மனைவி உஷா விசாரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவள் எதையும் விசாரிப்பதில்லை.

ஒரு மாதம் இப்படி வெட்டினேன். பிறகு அந்த நாள்.

காலை காபி நினைவிருக்கிறது. பால்கனியில் இரண்டாம் காட்சி வரை வெட்டியது நினைவிருக்கிறது. வாசலில் தண்ணீர் கேன் வந்து இறங்கியதும், அதை உள்ளே தூக்கிப் போனதும் நினைவிருக்கிறது. அடுத்து, என் கையில் ஊசி சொருகியிருக்கிறது, சுற்றிலும் பச்சைத் திரை, ஜன்னலில் வெளிச்சம் சாய்ந்துவிட்டது. நடுவில் ஒன்றுமில்லை. தூங்கி எழுந்த மாதிரிகூட இல்லை. தூங்கினோம் என்று உடம்புக்காவது தெரியும்.

"உஷா, இது எந்த இடம்?"

அவள் என்னைப் பார்க்காமலே, மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள்: "ஆஸ்பத்திரி. கீழ விழல. அடி படல. டாக்டர் பாத்தாச்சு."

"சரி."

அவள் திரும்பினாள். "இன்னொரு தரம் கேக்கலையா?"

"எதுக்கு? அதான் சொல்லிட்டியே."

கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் திகைத்துப்போனேன். நான் கேள்வி கேட்காமல் இருந்ததற்காக அவள் அழுதது அதுவே முதல் முறை.

டாக்டர் ஒரு அம்மாள். நரம்பியல் நிபுணர். அலுத்துக்கொள்ளாத முகம்.

"பேர் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"ரிடயர் ஆனவன்கிட்ட கிழமை கேக்கறது நியாயமா டாக்டர்?"

"மூணு வார்த்தை சொல்றேன். அப்புறம் கேப்பேன். குடை, ரோஜா, சாவி."

கேட்டார். சொன்னேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவருக்குப் பின் வந்த இளம் டாக்டர் கேட்டார், அதே குடை, ரோஜா, சாவி. மறுநாள் காலை வேறொருவர், மாலையில் இன்னொருவர். அந்த மாடி முழுவதற்கும் வார்த்தைக் கையிருப்பே மூன்றுதான் போலிருக்கிறது. "காய்ச்சல் இருக்கா?" என்று ஒருவர் கேட்டதற்குக்கூட, "குடை, ரோஜா, சாவி" என்று எரிச்சலில் சொல்லிவிட்டேன். அவர் பயந்துபோய் பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். அதனால் இன்னொரு பரிசோதனை.

பரிசோதனைகள் எல்லாம் வேறு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் என்றார்கள். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்படும் பக்கவாதமா, வெளியே தெரியாத வலிப்பா என்று பார்க்க வேண்டும். வலிப்பைப் பார்ப்பதற்கு ஈ.ஈ.ஜி. என்று ஒன்று: தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டுகிறார்கள், மூளையின் மின்சாரம் கோடுகோடாக ஓடுகிறது. மிச்சமிருந்த முடியிலிருந்து அந்தப் பசை இரண்டு குளியலுக்கும் போகவில்லை. எம்.ஆர்.ஐ. என்பது குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுப்பது. அசையக் கூடாது. உள்ளே பூமியைத் தோண்டுகிற சத்தம். மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் குடியிருந்து பழகியதால் எனக்குத் தூக்கமே வந்துவிட்டது. ஆனால் அந்தக் குழாய் வாசலில் காத்திருந்த நேரம் இருக்கிறதே! முதுகுப்பக்கம் திறந்த அங்கி, சக்கர நாற்காலி, ஏ.சி. காற்று நேராக முதுகில். "பத்தே நிமிஷம் சார்" என்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் இரண்டு பேர் எனக்குப் பின்னால் வந்து முன்னால் போனார்கள்.

பக்கத்துக் கட்டில் ஏழுமலை, அடையாறுப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர், தலைசுற்றலுக்காக வந்திருந்தார். என் கதையை யார் சொன்னார்களோ, முதல் நாளே ஆரம்பித்தார்.

"இன்னா சார், ஒரு மத்தியானமே காணாப்போச்சாமே?"

"ஆமாம்பா."

"இது ஒட்டுற வியாதியா?"

"இல்லையே, ஏன்?"

"என் வூட்டுக்காரிக்கு ஒட்டுனா நல்லாருக்கும் சார். கண்ணாலமான புதுசுல நான் சொன்ன வார்த்தைய இன்னும் அப்டியே வச்சிக்கினு கீறா."

சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த அவர் மனைவி நிமிரவே இல்லை. "நான் மறந்துட்டா நீ எங்க போய்த் துன்னுவ? உனுக்கு வூடு கீதுன்றதே என் ஞாபகம்தான்."

பார்க்க வந்தவர்கள் தொல்லை தனி. ஒவ்வொருவரும் கட்டிலருகே வந்து குனிந்து, காது கேளாதவனிடம் பேசுகிற குரலில், "என்னைத் தெரியறதா?" என்றார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்பது எனக்குத்தான் தெரியும். எல்லார் கையிலும் வல்லாரை. வல்லாரைத் துவையல், வல்லாரைப் பொடி, வல்லாரை மாத்திரை. ஒரு மாமா வேரோடு பிடுங்கிவந்திருந்தார். இன்ஷூரன்ஸ் தரப்பிலிருந்து போனில் ஒரு பெண், "சாருக்கு இந்த மறதி எப்பலேருந்து இருக்கு?" என்றாள். "ஞாபகம் இல்லையே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதன்பின் அனுமதி வர இழுத்தடித்தார்கள். "எல்லா இடத்துலயும் நாடகம் போடணுமா?" என்று உஷா பல்லைக் கடித்தாள்.

பட்டாபியும் வந்தான். "டேய், நான் யாரு?"

"யாரோ டைரக்டராம். சுமாரா எழுதுவாராம்."

"நல்லாத்தான் இருக்கே. பழைய வசனம் போயிடுத்தா?"

"ஒரு வரி குறையாம இருக்கு."

"புதுசு?"

"அது எப்பவுமே இல்லையே."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பகலுக்கு மட்டும்தான்.

ஏனென்றால் விளக்கை அணைத்த பிறகு நான் செய்துகொண்டிருந்த வேலை வேறு. திருடன் வந்துபோன வீட்டில் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து பார்ப்பதுபோல் தலைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். கல்யாணம் இருக்கிறதா, இருக்கிறது. மகள் பிறந்தது, இருக்கிறது. ராகவன் முகம், இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவது, இருக்கிறது. குரல்? இருக்கிறது, ஆனால் நேற்று இருந்த அளவுக்கு இருக்கிறதா? உறுதியாகத் தெரியவில்லை. ஒரு மாதம் தினமும் அவன் குரலை வாயில் கொண்டுவந்து, அதன் மேலேயே "கட்" என்று அடித்திருக்கிறேன். நான் வெட்டப் போனது அவன் வசனத்தை. அவனை அல்ல. அந்த வித்தியாசம் மூளைக்குத் தெரியுமா? இன்று ஒரு மத்தியானத்தை விழுங்கியது, நாளை காலையில் அவனையே விழுங்கிவிட்டால்? மூடநம்பிக்கைதான். பகலில் அதை நானே கேலி செய்வேன். இருட்டில் கேலி வேலை செய்யவில்லை.

கடைசியில் டாக்டரிடம் கொட்டிவிட்டேன். பால்கனி, தொடை, கட், எல்லாம். அந்த அம்மாள் சிரிக்காமல் இருக்க எடுத்துக்கொண்ட பிரயாசை கண்ணுக்குத் தெரிந்தது.

"அன்னிக்குக் காலையில கடைசியா என்ன பண்ணினீங்க?"

"கேன் தூக்கினேன்."

"தண்ணி கேனா? தம் கட்டித் தூக்கினீங்களா?"

"பின்ன? இருபது லிட்டர். தூக்கி அந்த மெஷின் மேல கவுக்கணுமே."

"சில பேருக்கு அப்படி தம் கட்டறது, திடீர்னு பச்சைத் தண்ணியில இறங்கறது, மனசு ரொம்பக் கலங்கறது, இதுக்கெல்லாம் பின்னாடி இது வரும். காரணம் இதுதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க கட் சொன்னதால வரல."

பெயர் ட்ரான்சியன்ட் குளோபல் அம்னீஷியா என்றார். வாய்நிறையப் பெயர். விஷயம் எளிது. புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கிற பகுதி மூளையில் உண்டு. அது சில மணி நேரம் வேலையை நிறுத்திவிடுகிறது. எங்கள் அபார்ட்மென்ட் கேமராவை வைத்துப் புரிந்துகொண்டேன். திரையில் படம் ஓடும். யாராவது செருப்பு திருடிப் போன பிறகு பார்த்தால், பதிவே ஆகியிருக்காது. ஆள் நடப்பான், பேசுவான், மனைவியைத் தெரியும், பெயர் தெரியும். ஐந்து நிமிஷத்துக்கு முன் கேட்டது தெரியாது. அதனால் கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பான்.

"அந்த நேரத்துல சமீபத்துல நடந்த சிலதும் மறைஞ்சுபோகும்" என்றார். "சில பேருக்கு சில வாரம், சில பேருக்கு வருஷக்கணக்குகூட. அது திரும்பி வந்துடும். உங்களுக்கு வந்தாச்சு. அந்த மத்தியானம் மட்டும் வராது, ஏன்னா அது உள்ள போகவே இல்லை. பெரும்பாலும் மறுபடி வராது. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்பது டாக்டர்களுக்குக் குடை, ரோஜா, சாவி மாதிரி. நான் பயந்துகொண்டேதான் இருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு மனநல நிபுணரை அனுப்பினார். என் மகள் வயதுப் பெண். ஒரு வரிசை வார்த்தைகளை வாசித்தாள். "இதை மனசுல வெச்சுக்கோங்க." வைத்துக்கொண்டேன். "சாரி, அது தப்பான பட்டியல். அதை மறந்துடுங்க. இதை வெச்சுக்கோங்க" என்று வேறொன்றை வாசித்தாள். கொஞ்சம் பொறுத்து, "இப்ப ரெண்டையும் சொல்லுங்க" என்றாள்.

"ஏம்மா, நீதானே மறக்கச் சொன்னே?"

"சொல்லிப் பாருங்க சார்."

இரண்டாவது பட்டியல் நன்றாக வந்தது. முதல் பட்டியல் அரைகுறையாக, ஆனால் வந்தது.

அவள் விளக்கினாள். மறந்துவிடு என்று சொன்னதும் நாம் உண்மையில் எதையும் அழிப்பதில்லை. திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். கவனத்தை அடுத்ததற்குக் கொடுக்கிறோம். அதனால் பழையது கொஞ்சம் பின்னால் போகிறது, அவ்வளவுதான். ஒன்றை நினைக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் சிலருக்கு அது இன்னும் வந்து முட்டுவதும் உண்டு.

"நீங்க தினமும் காலையில முழு நாடகத்தையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்க. உங்க வரி, அவர் வரி, குரலோட. கூடவே தொடையில தாளம் வேற. அதுக்குப் பேரு மறக்கறதில்ல சார். ஒத்திகை."

ஒரு மாதம். தொடை கன்றிப்போனதுதான் மிச்சம். நான் எதை அழிக்க உட்கார்ந்தேனோ, அதைத் தினமும் எண்ணெய் போட்டுத் துடைத்துவைத்திருக்கிறேன். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இருபது வருட நாடகக்காரனுக்கு ஒத்திகையை அடையாளம் தெரியவில்லை!

"அவர் குரல்ல ஏன் சொன்னீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அவன் வசனத்தை வேற யார் குரல்ல சொல்றது?"

அவள் பட்டியல் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

நாடகம் பிறகு நடந்தது. புது வரிகளை வீட்டில் பழையதைத் தொடாமல் படித்துக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் பழசு வந்து விழுந்தது. விக்னேஷ் சமாளித்தார். மீட்டர் வரி வந்தபோது தன் ஒட்டிய வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, "மினிமம் சார்ஜ்தான் சார்" என்றார். கைதட்டல். பட்டாபி அதையே வசனமாக வைத்துக்கொண்டான். இதைச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் கேட்பீர்கள். ஆனால் இந்தக் கதை டிஸ்சார்ஜ் நாளோடு முடிகிறது.

அதுவரை ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. என் சொந்த வாழ்க்கையின் ஒரு மத்தியானம். அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் டிக்கெட் இல்லை. நான் என்ன பேசினேன்? யாரைத் திட்டினேன்? உஷாவிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

"என்னவோ உளறினேள்."

"என்ன உளறினேன்?"

"உளறல்ல என்ன, ஏதுன்னு இருக்கு? காபி ஆறறது, குடிங்கோ."

எல்லாவற்றையும் நேருக்கு நேர் சொல்கிறவள். இதில் மட்டும் முகத்தைத் திருப்பினாள். அது என் பயத்துக்கு நன்றாகத் தீனி போட்டது. ராகவனைப் பற்றி ஏதோ தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அவன் யார் என்றே கேட்டிருக்கிறேன். அதைத்தான் மறைக்கிறாள்.

டிஸ்சார்ஜ் அன்று காலை பத்து மணிக்கே கிளம்பலாம் என்றார்கள். மாலை ஆகியும் பில்லிங் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்ஷூரன்ஸ் ஒப்புதல் "வந்துகொண்டே" இருந்தது. ஏழுமலை நேற்றே போயிருந்தார். பையில் மூன்று கட்டு வல்லாரை வாடிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கவுண்டரில் சண்டை போடலாமா என்று நான் கால் மாற்றிக்கொண்டிருந்தபோது, டூட்டி முடிந்து பையோடு போன நர்ஸ் ஒருத்தி நின்றாள். எனக்கு அவளைத் தெரியாது. அவளுக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது.

"சார்! எமர்ஜென்சில பாத்தேனே. நல்லா ஆயிட்டீங்களா?" என்றாள். சிரித்தாள். "உங்க ஃப்ரெண்ட் ஒருவழியா வண்டிய பார்க் பண்ணிட்டு வந்தாரா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

நான் உஷாவைப் பார்த்தேன். அவள் டோக்கன் எண் ஓடும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த ஃப்ரெண்ட்?"

"ஆத்துக்குப் போய்ப் பேசலாம்."

"உஷா."

அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"டாக்ஸில வரும்போதே ஆரம்பிச்சேள். 'ராகவனுக்குச் சொன்னியா?'ன்னு. நான் பதறிண்டு இருந்தேன், யோசிக்கல. 'ராகவன் எங்கே இருக்கான், அவன்தான் போயிட்டானே'ன்னுட்டேன். 'எங்கே போயிட்டான்?'னு கேட்டேள். சொன்னேன்."

"ம்."

"அழுதேள். அன்னிக்கு அவாத்து வாசல்ல உக்காந்து அழுதேளே, அதே மாதிரி. டிரைவர் வண்டிய ஓரமா நிறுத்திட்டார். அப்புறம் கண்ணைத் தொடச்சுண்டு, ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துண்டே வந்தேள். சரி, ஆயிடுத்துன்னு நெனச்சேன். லஸ் கார்னர் தாண்டல. 'ராகவனுக்குச் சொன்னியா?'ன்னேள்."

கவுண்டரில் யாரோ பெயர் கூப்பிட்டார்கள். எங்கள் பெயர் இல்லை.

"மறுபடி சொன்னியா?"

"சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன். ஒவ்வொரு தரமும் புதுசாக் கேட்டா மாதிரி அழுதேள். எமர்ஜென்சிக்கு வந்தப்பறமும் அதேதான். அதுக்கு மேல என்னால முடியல. 'கீழ வண்டிய பார்க் பண்ணிண்டிருக்கான், வந்துடுவான்'னு சொல்லிட்டேன். ஒடனே மூஞ்சி மாறிடுத்து. 'அவனா? அவன் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தறதுக்குள்ள நான் டிஸ்சார்ஜே ஆயிடுவேன்'னேள். அந்த நர்ஸ் பொண்ணு சிரிச்சா. கொஞ்ச நேரத்துல மறுபடி கேட்டேள். நானும் அதையே சொன்னேன், நீங்களும் அதையே சொன்னேள். அதே மூஞ்சி. 'அவனா?'ன்னுட்டு அதே எடத்துல ஒரு நிறுத்தல்."

கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் சிரிச்சாளா?"

"சிரிச்சா. கடைசி வரைக்கும்."

"நீ?"

"நானும்தான். வேற என்ன பண்றது?"

அன்று மத்தியானம் நடந்தது இவ்வளவுதான். ராகவன் இறந்துவிட்டான் என்று என்னிடம் சொன்னார்கள், சொன்னபோதெல்லாம் அழுதேன். பிறகு அவன் கீழே வண்டி நிறுத்திக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார்கள். சாயங்காலம் வரைக்கும் அவனுக்காகக் காத்திருந்தேன்.